கடற்கரையில் கார் வைத்திருப்போருக்கு: மின்கோளாறைப் படிப்படியாகக் கண்டுபிடிக்கும் முறை

எனக்கு வீடு மண்டபத்தில், வேலை ராமேஸ்வரத்தில். பாம்பன் பாலத்தை நாள்தோறும் இரண்டு முறை கடக்கும் என் பழைய காரில், சென்ற ஐப்பசி மழைக்குப் பிறகு இரண்டு கோளாறுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. காலையில் சாவியைத் திருப்பினால் செல்ஃப் மோட்டார் திணறியது. பிரேக்கை மிதித்தால் வலப்பக்க இண்டிகேட்டரும் சேர்ந்து மங்கலாக எரிந்தது. பாட்டரி போய்விட்டது என்றார்கள், 4,800 ரூபாய்க்குப் புதிதாக வாங்கினேன். மூன்று வாரம் சரியாக ஓடி மறுபடியும் திணறியபோது டைனமோ என்றார்கள், அதைக் கழற்றிச் சரிசெய்ய 3,200 ரூபாய் கொடுத்தேன். அதற்குப் பிறகும் தீரவில்லை. கடைசியில் உச்சிப்புளிப் பக்கம் ஒரு மூத்த எலக்ட்ரீஷியன், பாட்டரியிலிருந்து பாடிக்குப் போகும், மின்சாரம் திரும்பும் வழியான எர்த் ஒயரைக் கையால் வளைத்துப் பார்த்துவிட்டு, “தம்பி, பாட்டரி மேல குத்தம் இல்ல, டைனமோ மேலயும் குத்தம் இல்ல, எர்த்து செத்துப் போச்சு” என்றார். ஒயருக்கும், அதன் நுனியில் அழுத்திப் பொருத்தும் உலோகத் துண்டான லக்குக்கும் சேர்த்து அறுபது ரூபாய் ஆயிற்று.

அந்த எட்டாயிரம் ரூபாயும் இரண்டு மாத அலைச்சலும் இன்னொருவருக்கு வேண்டாம் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். காரின் மின்சாரத்தைப் பற்றி எதுவும் தெரியாதவரும் பின்பற்றக்கூடிய வரிசையில் கொடுத்திருக்கிறேன். தொண்டி முதல் தனுஷ்கோடி வரையும், இந்தப் பக்கம் கீழக்கரை, ஏர்வாடி, மூக்கையூர் வரையும் கடலோரத்தில் வண்டி வைத்திருக்கும் எல்லோருக்கும் இது பொருந்தும். உள்நாட்டு ஊர்களுக்காக எழுதப்பட்ட குறிப்புகள் ஃபியூஸில் தொடங்கச் சொல்லும். நம் ஊரில் எர்த்திலும், ஒயர்களை ஒன்றோடொன்று இணைக்கும் பிளாஸ்டிக் கப்ளரிலும் தொடங்குவதே சரி.

1. கருவியை எடுக்கும் முன் காகிதங்களை எடுங்கள்

முதலில் வண்டியோடு வந்த கையேட்டைத் தேடி எடுங்கள். எந்த ஃபியூஸ் எந்தச் சுற்றுக்கு, எத்தனை ஆம்பியர், ஃபியூஸ் பெட்டிகள் எங்கெங்கே இருக்கின்றன என்ற அட்டவணை அதில் இருக்கும். பழைய வண்டியை வாங்கியவர்களிடம் பெரும்பாலும் கையேடு இருக்காது. அப்படியானால் ஃபியூஸ் பெட்டி மூடியின் உட்புறத்தைப் பாருங்கள், படம் அங்கேயே அச்சிட்டிருக்கும். அதைக் கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, பாட்டரியின் உத்தரவாத அட்டையும் அதன் ரசீதும். அட்டையில் எழுதியிருக்கும் வரிசை எண்ணும் பாட்டரியின்மேல் பொறித்திருக்கும் எண்ணும் ஒன்றாக இருக்கின்றனவா, விற்ற தேதியும் கடை முத்திரையும் இருக்கின்றனவா என்று இன்றே சரிபார்த்துவிடுங்கள். உத்தரவாதக் காலம் பல பாட்டரிகளில் இரண்டு பகுதிகளாக இருக்கும்: முதல் பகுதியில் பழுதானால் இலவசமாக மாற்றித் தருவார்கள், இரண்டாம் பகுதியில் கழித்த காலத்துக்கேற்பத் தள்ளுபடி மட்டுமே கிடைக்கும். எந்தத் தேதியில் முதல் பகுதி முடிகிறது என்பதை அட்டையின்மேல் பெரிதாக எழுதி வைப்பது நல்லது.

மூன்றாவது காப்பீட்டுப் பத்திரம். இதில் பலரும் தவறாக நம்பிக்கொண்டிருக்கிறார்கள். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் இருந்தால் உங்கள் வண்டியின் சேதத்துக்கு எதுவும் கிடைக்காது. முழுமையான காப்பீடு இருந்தாலும், தேய்மானமும் தானாக ஏற்படும் மின்கோளாறும் அதில் விலக்கப்பட்டவை. ஆகவே உப்பு அரித்த ஒயருக்குப் பணம் கேட்டு அலையாதீர்கள். வெள்ளத்தில் மூழ்கிய சேதத்தின் நிலை வேறு. அங்கே ஒரு கட்டுப்பாடு உண்டு: நீரில் நின்ற வண்டியைக் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தகவல் சொல்லுமுன் ஸ்டார்ட் செய்து பார்த்துவிட்டால், அதனால் வரும் பின்விளைவுச் சேதத்தை அவர்கள் ஏற்க மறுக்கலாம். வண்டி இன்னும் நிறுவன உத்தரவாதத்தில் இருந்தால் எந்த ஒயரையும் வெட்டாதீர்கள். வெட்டிய ஒயரைக் காட்டி உத்தரவாதத்தை மறுப்பார்கள்.

2. வாங்க வேண்டியவையும் விலையும்

நான் வாங்கியவற்றின் விலையைச் சொல்கிறேன். கடைக்குக் கடை சற்றுக் கூடலாம், குறையலாம். டிஜிட்டல் மல்டிமீட்டர் 650 ரூபாய், மின்சாரம் வந்தால் எரிந்து காட்டும் டெஸ்ட் லாம்ப் 120, மின் இணைப்புகளைத் துலக்கும் கான்டாக்ட் கிளீனர் ஸ்பிரே 350, பல அளவு ஃபியூஸ்கள் அடங்கிய பெட்டி 100, லக்குகளும், சூடாக்கினால் சுருங்கி ஒயரை மூடும் ஹீட் ஷ்ரிங்க் குழாயும் 180. ஆக மொத்தம் 1,400 ரூபாய். இதோடு ஒரு கம்பி பிரஷ், உப்புத்தாள், பெட்ரோலியம் ஜெல்லி, சமையல் சோடா ஆகியவை வேண்டும். மல்டிமீட்டரில் 10 ஆம்பியர் வரை அளக்கும் துளை தனியாக இருப்பதையே வாங்குங்கள். பிறகு வரும் ஏழாம் படிக்கு அது இல்லாமல் முடியாது.

3. உயிருக்கும் வண்டிக்கும் பாதுகாப்பு

மோதிரம், காப்பு, கைக்கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். பாட்டரியின் பாசிட்டிவுக்கும் பாடிக்கும் இடையே ஸ்பேனரோ மோதிரமோ பட்டால் அது நொடியில் பழுக்கக் காய்ந்துவிடும். பாட்டரி அருகில் பீடி, சிகரெட், தீக்குச்சி எதுவும் கூடாது. சார்ஜ் ஆகும் பாட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிவரும்.

கழற்றும்போது நெகட்டிவ் முதலில், பாசிட்டிவ் பிறகு. மாட்டும்போது பாசிட்டிவ் முதலில், நெகட்டிவ் கடைசியில். இதை மாற்றக் கூடாது. மஞ்சள் உறை போட்ட ஒயர்களும் மஞ்சள் கப்ளர்களும் ஏர்பேக்கைச் சேர்ந்தவை. அவற்றில் டெஸ்ட் லாம்பையோ மீட்டரின் ஊசியையோ வைக்கவே கூடாது. ஆரஞ்சு நிற ஒயர் ஹைபிரிட் வண்டிகளிலும் மின்சார வண்டிகளிலும் உயர் மின்னழுத்தம் செல்வது. அந்தப் பக்கம் கை போகக் கூடாது.

நம் பகுதியில் இன்னும் இரண்டு பழக்கங்கள் இருக்கின்றன. இரண்டையும் யார் செய்யவந்தாலும் தடுத்துவிடுங்கள். ஒன்று, கரண்ட் வருகிறதா என்று ஒயர் நுனியைப் பாடியில் உரசிப் பொறி பார்ப்பது. மற்றொன்று, டைனமோ வேலை செய்கிறதா என்று எஞ்சின் ஓடும்போதே பாட்டரி டெர்மினலைக் கழற்றுவது. பாட்டரி இல்லாத அந்த நொடியில் மின்னழுத்தம் பலமடங்கு எகிறும். எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினிப் பெட்டி எரிந்துபோனால் அதன் விலை பாட்டரியைப் போலப் பல மடங்கு.

4. கோளாறை எழுதி வையுங்கள், முக்கியமாக நேரத்தை

ஒரு தாளில் எழுதுங்கள்: எது வேலை செய்யவில்லை, அதோடு சேர்ந்து வேறு எது வேலை செய்யவில்லை, எந்த நேரத்தில், மழைக்குப் பிறகா, மேடுபள்ளத்திலா, ஸ்டியரிங்கைத் திருப்பும்போதா. இந்தத் தாள் பாதிக் கோளாறைச் சொல்லிவிடும்.

நேரம் ஏன் முக்கியம் என்றால், கடற்காற்று கொண்டுவந்து படியவைக்கும் உப்பு வெயிலில் உலர்ந்து கிடக்கும்போது அவ்வளவாக மின்சாரத்தைக் கடத்தாது. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டியதும் அதே உப்பு காற்றிலிருந்து நீரை உறிஞ்சித் தானே கரைந்துவிடும். அந்த உப்புநீர் மின்சாரத்தைக் கடத்துவதோடு உலோகத்தையும் அரிக்கும். ஆகவே பனி இறங்கிய விடியற்காலையில் தலைகாட்டி, பதினொரு மணி வெயிலில் மறையும் கோளாறு என்றால் ஈரமேறிய கப்ளரையோ எர்த்தையோதான் முதலில் சந்தேகிக்க வேண்டும். எந்நேரமும் ஒரேபோல இருக்கும் கோளாறு என்றால் அறுந்த ஒயர், எரிந்த ஃபியூஸ், செத்த பல்பு என்று போகலாம். இதே காரணத்தால், சோதனையைக் காலை ஆறரை மணிக்குச் செய்யுங்கள். மதியம் மெக்கானிக்கிடம் கொண்டுபோய் நிறுத்தினால் கோளாறு ஒளிந்துகொள்ளும், வண்டி நன்றாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிடுவார்.

ஒரு பக்க இண்டிகேட்டர் மட்டும் வழக்கத்தைவிட வேகமாகச் சிமிட்டினால் அந்தப் பக்கத்தில் ஒரு பல்பு போயிருக்கிறது. ஒரே ஃபியூஸில் இருக்கும் பல பொருள்கள் ஒன்றாக நின்றால் ஃபியூஸ். தொடர்பே இல்லாத இரண்டு விளக்குகள் ஒன்றையொன்று தொந்தரவு செய்தால் எர்த். இந்த மூன்றையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

5. பாட்டரியை அளந்த பிறகே குறை சொல்லுங்கள்

இரவு நிறுத்திய வண்டியில், காலையில் கதவைத் திறந்து சாவி போடுவதற்கு முன், மீட்டரை 20 வோல்ட் டிசி அளவில் வைத்துப் பாட்டரியின் இரண்டு முனைகளிலும் ஊசிகளை வையுங்கள். 12.6 வோல்ட் அல்லது அதற்குமேல் இருந்தால் நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே என்றால் வற்றிவிட்டது. ஆனால் வற்றியது வேறு, செத்தது வேறு. முழுதாகச் சார்ஜ் செய்து, சில மணி நேரம் வைத்து, மறுபடியும் அளக்காமல் புதியது வாங்காதீர்கள்.

அடுத்து ஒருவரைச் சாவி திருப்பச் சொல்லிவிட்டு மீட்டரைப் பாருங்கள். செல்ஃப் சுழலும்போது 10 வோல்ட்டுக்கு அருகிலாவது நிற்க வேண்டும். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் 13.8-லிருந்து 14.5 வோல்ட் வரை வந்தால் டைனமோ சார்ஜ் செய்கிறது. எஞ்சின் ஓடும்போதும் 12.5-லேயே நின்றால்தான் டைனமோவைச் சந்தேகிக்க வேண்டும். புதிய வண்டிகள் சிலவற்றில் கணினி தேவைக்கேற்ப இதைக் கூட்டிக் குறைக்கும். அவற்றில் ஹெட்லைட்டையும் உள்ளே காற்றடிக்கும் ஊதியையும் போட்டுவிட்டு அளந்து பாருங்கள்.

டெர்மினலில் வெள்ளையும் நீலப்பச்சையுமாகப் பூத்திருந்தால், ஒரு குவளை நல்ல தண்ணீரில் இரண்டு கரண்டி சமையல் சோடாவைக் கலந்து, நுரை அடங்கும்வரை ஊற்றித் துலக்குங்கள். பாட்டரியின் மூடித் துளைக்குள் மட்டும் அது போகக் கூடாது. துடைத்து, உலர்ந்ததும் இறுக்கிவிட்டு, மேலே பெட்ரோலியம் ஜெல்லி தடவுங்கள். தடவிவிட்டு இறுக்குவதும், துலக்காமல் தடவுவதும் வேலையைக் கெடுக்கும்.

6. எர்த்: நம் கடற்கரையின் முதல் சந்தேகம்

காரில் மின்சாரம் ஒயர் வழியாகப் போய், பாடியின் இரும்பு வழியாகத்தான் பாட்டரியின் நெகட்டிவுக்குத் திரும்புகிறது. அந்தத் திரும்பும் வழியில், ஒயரின் நுனியிலுள்ள லக்கைப் பாடியோடு ஒரு போல்ட் இறுக்கியிருக்கும். அந்த இடம் பெயிண்ட் சுரண்டிய வெற்று இரும்பு; உப்பு முதலில் பிடிப்பதும் அதைத்தான்.

என் வண்டியில் அந்த லக்கைக் கழற்றியபோது பார்த்ததை இன்னும் மறக்கவில்லை. வெளியிலிருந்து பார்க்க ஒயர் முழுதாக இருந்தது. கறுப்பு உறையை இரண்டு அங்குலம் கிழித்ததும் உள்ளே செம்பு இழைகள் செம்பு நிறத்திலேயே இல்லை. பாதி களிம்பேறிப் பச்சைப் பொடியாகவும், மீதி கருகியதுபோலவும் இருந்தன. விரலால் தேய்த்தபோது இழைகள் உதிர்ந்தன. லக் வழியாக ஏறிய உப்புநீர், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல உறைக்குள்ளேயே ஏறியிருக்கிறது. அறுந்துபோகாமல் ஏழெட்டு இழைகள் பிடித்துக்கொண்டிருந்ததால், விளக்கு எரிந்தது, ஹாரன் அடித்தது, செல்ஃப் மட்டும் திணறியது.

காரணம் எளிய கணக்கு. செல்ஃப் மோட்டார் சுழலும்போது 150 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். வழியில் 0.01 ஓம் தடை இருந்தாலே 1.5 வோல்ட் அங்கேயே போய்விடும். அவ்வளவு சிறிய தடையைச் சாதாரண மல்டிமீட்டரின் ஓம் அளவு காட்டாது. பீப் ஒலிக்கும், இணைப்பு நன்றாக இருக்கிறது என்று நாமும் நம்பிவிடுவோம். பல எலக்ட்ரீஷியன்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான். எர்த்தை ஓம் வைத்துச் சோதிக்கக் கூடாது; மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போது வோல்ட் வைத்துச் சோதிக்க வேண்டும்.

செய்முறை இது. மீட்டரின் கறுப்பு ஊசியைப் பாட்டரியின் நெகட்டிவ் முனையின்மேலேயே வையுங்கள், அதைப் பிடித்திருக்கும் கிளாம்ப்பின்மேல் அல்ல. சிவப்பு ஊசியை எஞ்சினின் வெற்று உலோகத்தில் வையுங்கள். ஒருவர் செல்ஃப் போடட்டும். 0.2, 0.3 வோல்ட்டுக்குள் இருந்தால் எஞ்சின் எர்த் நன்று. அரை வோல்ட்டைத் தாண்டினால் எர்த் ஒயரை மாற்ற வேண்டும். இதே போலச் சிவப்பு ஊசியைப் பாடியில் வைத்தும் பாருங்கள். பழைய வண்டிகளில் எஞ்சின் எர்த் கெட்டால் மின்சாரம் ஆக்சிலேட்டர் கேபிள் வழியாகத் திரும்ப முயலும். செல்ஃப் போட்டபின் கேபிள் சுடுகிறது என்றால் வேறு சோதனையே வேண்டாம்.

விளக்குகளுக்கும் இதே முறைதான். பிரேக் விளக்கை எரியவிட்டு, சிவப்பு ஊசியைப் பல்பு ஹோல்டரின் எர்த் முனையில் வையுங்கள், 0.1 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். எனக்கு 4.3 காட்டியது. பல்புக்குப் போக வேண்டிய மின்னழுத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அந்தக் கெட்ட எர்த்தில் நின்றுவிட்டது. திரும்ப வழியில்லாத மின்சாரம் பக்கத்து இண்டிகேட்டர் பல்பு வழியாக வழி தேடிப் போனதால்தான் அது மங்கலாக எரிந்தது. பல்பை மாற்றச் சொல்லியும், ஸ்டியரிங் அருகிலுள்ள சுவிட்சை மாற்றச் சொல்லியும் வந்த ஆலோசனைகளெல்லாம் இதைப் பார்க்காமல் சொன்னவை.

அந்தப் பின்புற எர்த் எப்படிக் கெட்டது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனெனில் நம் ஊரில் இது எல்லா வீட்டிலும் நடக்கும். மச்சான் வீட்டுக் கல்யாணத்துக்கு மீன்பெட்டியை டிக்கியில் ஏற்றிக்கொண்டு போனோம். ஐஸ் உருகிய நீர் பெட்டியிலிருந்து கசிந்து, டிக்கியில் விரித்த மேட்டுக்கு அடியில் ஓடி, ஓரத்தில் தேங்கிவிட்டது. மேட் மேலே காய்ந்துவிட்டதால் யாரும் தூக்கிப் பார்க்கவில்லை. பின்விளக்கின் எர்த் போல்ட் அந்த ஓரத்தில்தான் இருந்தது. மீன், நண்டு, கருவாடு எது ஏற்றினாலும் தார்ப்பாலினை நான்கு பக்கமும் மடித்துத் தொட்டிபோல ஆக்கி அதற்குள் பெட்டியை வையுங்கள். இறக்கிய அன்றே மேட்டைத் தூக்கி நல்ல தண்ணீரால் துடைத்துக் காயவையுங்கள்.

எர்த்தைச் சரிசெய்ய, போல்ட்டைக் கழற்றி, பாடியையும் லக்கையும் உப்புத்தாளால் பளபளக்கும்வரை தேய்த்து, கான்டாக்ட் கிளீனர் அடித்து, இறுக்கி, அதன் பிறகு மேலே கிரீஸ் பூசுங்கள். ஒயர் உள்ளே பச்சையாக இருந்தால் தேய்த்துப் பயனில்லை. பளிச்சென்ற செம்பு வரும் இடம்வரை வெட்டியெறிந்து புதிய துண்டு சேர்க்க வேண்டும். ஒரு எர்த்துக்கு அரை மணி நேரம் போதும்.

7. இரவில் பாட்டரி வற்றினால்

நிறுத்திய வண்டியிலும் கடிகாரம், பூட்டு, கணினி ஆகியவை கொஞ்சம் மின்சாரம் எடுக்கும். 50 மில்லி ஆம்பியர் வரை இயல்பு. 35 ஆம்பியர்-மணி பாட்டரியில் 1 ஆம்பியர் கசிந்தால் ஒன்றரை நாளில் காலி. எங்கே கசிகிறது என்று பார்க்க, பாட்டரியின் நெகட்டிவைக் கழற்றி, மீட்டரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, கழற்றிய கிளாம்ப்புக்கும் நெகட்டிவ் முனைக்கும் இடையில் மீட்டரை இணையுங்கள். ஆம்பியர் அளவில் வைத்த மீட்டரைப் பாட்டரியின் இரண்டு முனைகளுக்கும் குறுக்கே ஒருபோதும் வைக்காதீர்கள். மீட்டர் போய்விடும், கையும் சுடும். மீட்டர் இணைந்திருக்கும்போது செல்ஃப் போடவும் கூடாது.

பானெட்டும் கதவும் திறந்திருந்தால் வண்டி விழித்தே இருக்கும். கதவுப் பூட்டின் கொக்கியை ஸ்க்ரூடிரைவரால் மூடிய நிலைக்குத் தள்ளிவிட்டு, 20 முதல் 40 நிமிடம் காத்திருங்கள். காத்திருக்காமல் அளந்து, கசிவு இருப்பதாகப் பதறுவது எல்லோரும் செய்யும் தவறு. அதற்குப் பிறகும் அளவு அதிகமாக இருந்தால் ஃபியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள்; எதைப் பிடுங்கியதும் அளவு சட்டென்று இறங்குகிறதோ அந்தச் சுற்றில்தான் கசிவு. அணைய மறுக்கும் டிக்கி விளக்கு, பிறகு பொருத்திய மியூசிக் சிஸ்டம், பின்கேமரா, இவற்றை முதலில் பாருங்கள்.

பாட்டரியைக் கழற்றி மாட்டினால் கடிகாரம் பூச்சியத்துக்குப் போகும், சில வண்டிகளில் பவர் விண்டோ தானாக ஏறாது, பழைய ரேடியோ ரகசிய எண் கேட்கும். அந்த எண் எழுதிய அட்டை இருக்கிறதா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

8. ஃபியூஸும் ரிலேயும்

இங்கே சொல்வதற்கு அதிகம் இல்லை. பழுப்பு 7.5 ஆம்பியர், சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20, நிறமற்றது 25, பச்சை 30. எரிந்த ஃபியூஸுக்குப் பதில் அதே அளவு மட்டுமே போட வேண்டும். 10 எரிகிறதே என்று 20 போட்டால் அடுத்து எரிவது ஒயர். சிகரெட் உறைத் தாளைச் சுற்றி மாட்டுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். புதிய ஃபியூஸும் உடனே எரிந்தால் ஷார்ட் இருக்கிறது. அந்தச் சுற்றின் பொருள்களையெல்லாம் கழற்றிவிட்டு ஒவ்வொன்றாக மாட்டிப் பாருங்கள்.

ரிலே என்பது சிறிய மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைப் போட்டு அணைக்கும் சுவிட்ச். அதைச் சோதிக்க எளிய வழி, பக்கத்தில் அதே எண் பொறித்த இன்னொரு ரிலே இருந்தால் இரண்டையும் இடம் மாற்றிப் போடுவது. ஹாரன் ரிலே பெரும்பாலும் இதற்கு உதவும். மாற்றும்போது ரிலேயின் கால்களைப் பாருங்கள்: வெள்ளியாக இருக்க வேண்டிய கால் பச்சையாகவோ கறுப்பாகவோ இருந்தால், ரிலேயைவிட அது உட்காரும் பொந்துதான் கெட்டிருக்கிறது.

ஹெட்லைட்டில் 60/55 வாட் பல்பு இருந்த இடத்தில் 100/90 வாட் போட்டிருந்தால், முதலில் பழையபடி மாற்றிவிட்டு மற்றதைப் பாருங்கள். அந்தச் சுமைக்கு நம் ஒயரும் கப்ளரும் உருவாக்கப்படவில்லை. உருகிய வெள்ளைக் கப்ளர்களைத் தனுஷ்கோடிக்குச் சவாரி ஓடும் வண்டிகளில் நிறையவே பார்த்துவிட்டேன்.

9. ஒயரைச் சேர்க்கும் முறை

அறுந்த ஒயரை முறுக்கி டேப் சுற்றுவது உள்நாட்டில் இரண்டு வருடம் தாங்கலாம். நம் காற்றில் ஒரு மழைக்காலத்தைத் தாண்டாது. டேப்பின் பசை வெயிலில் இளகி, இடைவெளியில் உப்பு புகுந்து, முறுக்கிய இடமே களிம்பின் கூடாகிவிடும். ஒயரை லக் வைத்து அழுத்திச் சேருங்கள், அல்லது ஈயம் பற்றவையுங்கள். உட்புறம் பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாயை முன்பே ஒயரில் நுழைத்துவிட்டுச் சேர்ப்பது அவசியம், சேர்த்த பிறகு நுழைக்க முடியாது. சூடாக்கும்போது இரு முனைகளிலும் பசை கசிந்து வெளியே தெரிந்தால்தான் நீர் புகாது.

வேலை முடிந்ததும் எஞ்சின் பகுதியை அழுத்த நீரால் கழுவாதீர்கள். தீவுப் பகுதியில் பல போர்வெல்களில் வருவது உவர்நீர்தான். அதனால் கழுவுவது கடல்நீரைக் கப்ளருக்குள் அடிப்பதற்குச் சமம். குடிக்க வாங்கும் நல்ல தண்ணீரில் துணியை நனைத்துத் துடைத்தால் போதும். தனுஷ்கோடியின் கடல்முனையான அரிச்சல்முனை போய்வந்த அன்று, மறுநாளுக்குத் தள்ளாமல், வண்டியின் அடிப்பகுதியை மட்டும் நல்ல தண்ணீரால் அலசிவிடுங்கள்.

10. எலக்ட்ரீஷியனிடம் போகும்போது

ஏர்பேக் விளக்கு எரிந்தாலோ, எஞ்சின் கணினியோடு தொடர்புடைய கோளாறு என்றாலோ, ஒயர் கருகிய வாடை வந்தாலோ நீங்களே முயலாதீர்கள். கருகிய வாடை வந்தால் பாட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு இழுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள்.

போகும் நாளையும் பாருங்கள். ஆடி அமாவாசை, தை அமாவாசையை ஒட்டி ராமேஸ்வரத்தில் வெளியூர் வண்டிகள் குவியும். அந்த வாரத்தில் பட்டறையில் நிதானமாகப் பார்க்க ஆள் கிடைக்காது, பாலத்திலும் நெரிசலில் நிற்க வேண்டியிருக்கும். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபருக்கு முன்னால், புரட்டாசியிலேயே எர்த்துகளைப் பார்த்து முடிப்பது நல்லது. தீவில் கிடைக்காத பாகத்துக்கு ராமநாதபுரம் போக வேண்டும். அங்கும் இல்லையென்றால் மதுரையிலிருந்து பார்சலில் வர வேண்டும், ஆகவே வண்டி இல்லாமல் இரண்டு மூன்று நாள் சமாளிக்கத் தயாராக இருங்கள்.

அவரிடம் “பாட்டரி பாருங்கண்ணே” என்று பாகத்தின் பெயரைச் சொல்லித் தொடங்காதீர்கள். நான் செய்த முதல் தவறு அதுதான். நாலாம் படியில் எழுதிய தாளையும், அளந்த வோல்ட் எண்களையும் கொடுங்கள். செல்ஃப் போடும்போது எஞ்சின் எர்த்தில் 0.9 காட்டுகிறது என்று சொன்னால், அனுபவமுள்ளவர் நேராக அந்த ஒயரிடம் போய்விடுவார். எந்தப் பாகத்தையும் மாற்றுவதற்கு முன் அது கெட்டிருக்கிறது என்பதை மீட்டரில் காட்டச் சொல்லிக் கேளுங்கள்; மரியாதையாகக் கேட்டால் நல்ல எலக்ட்ரீஷியன் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. கூலி எவ்வளவு, பாகம் எவ்வளவு என்று தனித்தனியாக ரசீது வாங்குங்கள். புதிய பாகத்தின் உத்தரவாதம் அந்த ரசீதில்தான் இருக்கிறது. கழற்றிய பழைய பாகத்தையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். என் பழைய பாட்டரியைப் புதியதுக்கு ஈடாகக் கடையிலேயே விட்டுவிட்டு வந்தேன். எர்த்தைச் சரிசெய்தபின் அதை ஒருமுறை அளந்து பார்க்க வழியில்லாமல் போயிற்று.